அர்ச்சனைத் தட்டும் ஒரு பொய்ப் பெயரும்

பெரிய கோயிலில் அம்மன் சன்னதியில் பூஜை செய்கிற எனக்கு, கூட்டத்தைப் பார்த்தாலே மார்பு படபடக்க ஆரம்பித்தது. சொல்லிக்கொண்டிருக்கிற மந்திரம் பாதியில் நின்றுவிடும். வெளியில் தெரிந்தால் குருக்களுக்குப் புத்தி சரியில்லை என்று ஊரே பேசும். அதனால் குடுமியைத் தொப்பிக்குள் மறைத்து, சட்டை மாட்டிக்கொண்டு, செங்கம் ரோட்டில் இருந்த ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன்.

மனசுக்கு வழி சொல்கிறேன் என்று அந்த ரோட்டில் உட்கார்ந்திருக்கிற சாமியார்கள் கொஞ்சமா நஞ்சமா? அந்த அம்மாவையும் நான் நம்பவில்லை. மேஜைமேல் கிடந்த போன் என் பேச்சைப் பதிவு செய்கிறதோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பேரு சொல்லுங்க."

"குமார்" என்று பொய் சொன்னேன். பழக்கதோஷத்தில், "ரோகிணி நட்சத்திரம்" என்பதும் கூடவே வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "சரிங்க குமார், தூக்கம் வருதா?" என்றார்.

பேசிவிட்டு வந்தேன். யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாரோ என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

அந்த வெள்ளிக்கிழமையே அவர் குடும்பத்தோடு சன்னதி வரிசையில் நின்றார். என் பக்கத்தில், கூடவே பூஜை செய்கிற என் அண்ணன்; நான் ஆலோசகரிடம் போனது அண்ணனுக்குத் தெரியாது. 'போச்சு, இப்ப எப்படி இருக்கீங்கனு கேட்கப் போறாங்க' என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றேன்.

முன்பின் பார்த்திராதவர் போலத் தட்டை நீட்டி, இரண்டையும் சொன்னார். குங்குமம் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுபடி அவரிடம் போனபோது தொப்பி போடவில்லை. உட்கார்ந்ததும், "குமார் என் பேரு இல்லம்மா" என்றேன்.

தினமும் எல்லோர் பெயரையும் கேட்டு வாங்குகிறவன் நான். என் பெயரை ஒருவரிடம் நம்பிச் சொல்ல எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்கிறது.