சேறு பூசிய கல்லறைகள்

மாடில்டாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வேலை. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, கணினியில் அதன் மேற்பரப்பை மேடு பள்ளத்தோடு எழுப்பிவிடுவாள்.

அவள் ஊர்த் தோட்டத்தை வாங்கிய கம்பெனி, அங்குள்ள கிறிஸ்துவக் கல்லறை நிலத்தில் சிலுவை நிற்கும் ஒன்பது கல்லறைகள் மட்டுமே உண்டு, மீதி வெறும் தரை என்று நில அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்தது. மேலிருந்து எடுத்த ஒரு படம்தான் அதற்குச் சாட்சி. மேலிருந்து எடுத்தால் முதலாளியின் மூக்கும் தட்டைதான்! அங்கே கிடப்பவர்கள் நாற்பத்தொரு பேர். மாடில்டாவின் அம்மாவும் அதில் ஒருத்தி. ஜனங்கள் சிலுவையில்லாத கல்லறைகளின் படத்தைக் காட்டியபோது, "தரையில சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க லா" என்று சிரித்தான் கம்பெனி ஆள். திங்கட்கிழமை நில அலுவலகத்தில் விசாரணை. அதற்குள் கல்லறைகளின் உயரத்தைக் காட்டாவிட்டால் முப்பத்திரண்டின் மேல் புல்டோசர் ஏறும்.

சனிக்கிழமை அவள் படம் எடுக்க வருவது தெரிந்ததும், அப்பா ராஃபேலும் மற்றவர்களும் கல்லறைத் திருநாளுக்குச் செய்வதுபோல எல்லாவற்றுக்கும் பளிச்சென்று வெள்ளையடித்து வைத்தார்கள். படத்துக்குச் செத்தவர்கள் அழுக்காக நிற்கலாமா?

அறுநூறு படம் எடுத்தாள். கணினியில் கல்லறை இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரே புள்ளியைப் பல படங்களில் கண்டுபிடித்துத்தான் கணினி அதன் உயரத்தைக் கணக்கிடும். வெறும் வெள்ளையில் அது எதைப் பிடிக்கும்?

ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு வாளிச் சேற்றோடு வந்தாள்.

"இது மேல சேறு அடிக்கணும்பா. புள்ளி புள்ளியா."

"செத்தவங்க மேலயா? பைத்தியமா லா உனக்கு?" ராஃபேல் குறுக்கே நின்றார்.

"புல்டோசர் ஏறுனா சுத்தமா இருந்து என்னப்பா பண்றது?"

முதல் கைச் சேற்றை அம்மாவின் கல்லறையில் அவளே வீசினாள். அழுதாள், ஆனால் கை நிற்கவில்லை. முறைத்துக்கொண்டு நின்ற ராஃபேல், கடைசியில் இரண்டாவது வாளியைத் தூக்கினார். பொழுது சாய்வதற்குள் மறுபடி எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

திங்கட்கிழமை திரையில் நாற்பத்தொரு மேடுகள் எழுந்து நின்றன. அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்து எண்ணினார். வெறும் மண்மேடு என்றான் கம்பெனி ஆள். மண்மேடு நாலு மூலையோடு தானாக வரிசையில் போய்ப் படுக்குமா என்று மலாய் மொழியில் கேட்டாள் மாடில்டா. அந்த நிலத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மறுபடி வெள்ளையடித்தார்கள். அம்மாவின் கல்லறையில் மட்டும் தூரிகை படவிடவில்லை அவள்.

"இது மட்டும் ஏம்மா இப்படி?" என்றார் பாதிரியார்.

"இருக்கட்டும் ஃபாதர். இந்த அழுக்குலதான் எங்கம்மா ஜெயிச்சாங்க."