பாடகரின் மேல் செட்

மருந்துக் கடைக்கு மேலே இருந்த அந்தப் பல் மருத்துவமனையில் நோயாளிகள் கால் வைக்காத அறை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்துதான் அவர் பல் செட் செய்தார். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி வாயின் வடிவத்தை எடுப்பார், மெழுகில் பல் அடுக்குவார், பிறகு மெழுகை உருக்கிவிட்டு அந்த இடத்தில் ரோஸ் நிற அக்ரிலிக்கை அழுத்தி வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கித் தருவார். வரவேற்பில் இருக்கும் பெண்ணிலிருந்து மாடிப்படி கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் செட்டுக்காரர்.

"இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் சிரிப்பு" என்று வீட்டில் ஜம்பம் அடிப்பார். உண்மையில் தன் வேலை யார் வாயில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. அச்சோடு வரும் சீட்டில் எண்ணும் வயதும்தான் இருக்கும்.

ஒரு நாள் காலையில் மட்டும் டாக்டர் அவரை முன்னறைக்குக் கூப்பிட்டார். பல்லின் நிறத்தை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம். பல் நிற மாதிரிகள் கோத்த சட்டத்தை எடுத்துக்கொண்டு போனவர், நாற்காலியில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

வழிப்போக்கர் குழுவின் பாடகர்! நாட்டுப்பாட்டையும் எலெக்ட்ரிக் கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றிய குழு அது. செட்டுக்காரர் மீசை முளைத்த காலத்திலிருந்து அவர்களுடைய ரசிகர். அவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க நின்ற வரிசையில், "முன்னாடி நின்னது நான்தான்" என்று ஒருவனோடு கைகலப்பு வரை போனார். அவனோடு சிநேகமாகி, அவன் வீட்டுக்குப் போய்வந்து, கடைசியில் அவன் அக்காவையே கட்டிக்கொண்டார். அந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் இந்தக் குடும்பமே இல்லை என்று மைத்துனன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

பாடகரின் மேல்பற்களை எல்லாம் எடுத்தாகிவிட்டிருந்தது. ஈறு ஆறிவிட்டது. அடுத்த வாரம் ரெக்கார்டிங். எட்டு வருடத்துக்குப் பிறகு புது ஆல்பம்.

பாடகர் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். "இவர் இங்க வந்தது வெளியில தெரியக் கூடாது. வீட்லகூட மூச்சு விடாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன் டாக்டர்."

மெழுகு செட்டை வாயில் வைத்துப் பார்த்த அன்று பாடகர் அவசரத்தில் இருந்தார். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, "நல்லாத்தான் இருக்கு, முடிச்சிடுங்க" என்று கிளம்பிவிட்டார். செட்டுக்காரர் அந்த செட்டைத் தன் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஒரு விஷயத்தில் மட்டும் வழக்கத்தை மீறினார். அடித்தொண்டையில் பாடுகிற மனிதர், மேடை நடுவில் செட் விரிசல் விட்டால் மானம் போகுமே என்று, மேலண்ணத்தை மூடும் தகட்டைக் கொஞ்சம் தடிமனாக வைத்தார்.

ஆல்பம் வந்தது ஒரு விடுமுறை நாளில். மைத்துனன் பக்கத்துத் தெருவிலிருந்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ரசிகர் குழுவின் இணையப் பக்கத்தை நடத்துபவன் அவன்தான். மின்சார வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. வீடு வீடாகப் போகிற இடத்தில் மீட்டரைவிட இந்தக் குழுவைப் பற்றித்தான் அதிகம் பேசுவான்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் 'சாலை' என்று ஒரு சொல். அந்தச் 'சா'வில் மெல்லிய விசில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. செட்டுக்காரர் ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினார். அடுத்து 'சந்தை'. அதிலும் அதே. மூன்றாவது பாட்டில் 'சொல்லாமல் சென்றவளே' என்று வந்தபோது எழுந்து போய் முகம் கழுவினார்.

"என்னமோ மாதிரி இருக்கே மாமா" என்றான் மைத்துனன். "குரல் நம்ம தலைவர் குரல்தான். ஆனா வார்த்தை வழுக்குது, இல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் இவர், துண்டுக்குள்ளிருந்து.

மாலைக்குள் ரசிகர் பக்கம் இரண்டாகப் பிளந்தது. 'எட்டு வருஷம் காத்திருந்தது இதுக்குத்தானா' என்று ஒருவர். 'வயசு தெரியுது, அதுதான் அழகு. கண்ணை மூடிக் கேட்டா பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கு' என்று ஒரு ஆசிரியை. 'மைக்கை மாத்துங்கப்பா' என்று ஒரு லாரி டிரைவர். கிதார் ஓவர் என்றார்கள், கிதார்தான் ஆல்பத்தையே காப்பாற்றியது என்றார்கள். செட்டுக்காரர் இதையெல்லாம் விட்டுவிட்டு, குரல், உச்சரிப்பு, வாய் என்ற சொற்கள் வரும் இடங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தார். பாராட்டைப் படித்தால் மனம் ஆறவில்லை. திட்டு ஒவ்வொன்றும் தன் விலாசத்துக்கே வந்த மாதிரி இருந்தது.

வேலையிலும் கை ஓடவில்லை. யாரோ ஒருவருடைய கீழ் செட்டில் இடது கடைவாய்ப் பல்லை வலதில் அடுக்கிவிட்டு, டாக்டர் கண்ணில் படுவதற்குள் மெழுகைச் சுரண்டினார். வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, அண்ணத்தில் நாக்கை அழுத்தி, "சாவி... சட்டை... சுவர்..." என்று சொல்லிப் பார்த்தார். எச்சிலைக் கூட்டி விழுங்கினார். மறுபடி "சாவி".

மனைவி இதை இரண்டு மூன்று நாள் கவனித்துவிட்டாள். ஒரு காலை கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"வாயில ஏதாவது கட்டியா?"

"என்னது?"

"மறைக்காதீங்க. சாப்பாடு இறங்கல, கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டி நீட்டிப் பாக்குறீங்க. என்னன்னு சொல்லித் தொலைங்க, நான் பாத்துக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். வேலையில ஒரு தப்பு பண்ணிட்டேனோன்னு பயம். யாருக்குன்னு சொல்லக் கூடாது."

அவள் கதவை விட்டு நகர்ந்தாள். "சொல்லக் கூடாதுன்னா சொல்ல வேணாம். ஆனா வயித்தைக் காயப் போட்டா தப்பு சரியாயிடுமா? வந்து உக்காருங்க" என்று தட்டைப் போட்டாள்.

தப்பு அதோடு நிற்கவில்லை. ரசிகர் பக்கத்தில் யாரோ ஒரு வதந்தியைக் கொளுத்திப் போட்டார்கள்: பாடகருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, குழு அதை மறைக்கிறது என்று. காட்டுத்தீ மாதிரி பரவியது. அடுத்த மாதம் திறந்தவெளியில் கச்சேரி வைத்திருந்தார்கள். மைத்துனன் கலங்கிப்போய் வந்தான்.

"மாமா, கச்சேரியை நிறுத்தச் சொல்லி எல்லாரும் சேர்ந்து கேக்கப் போறோம். அவரை இப்படி இழுத்துட்டு வந்து பாட வைக்கிறது பாவம். மரியாதையா ஓய்வு எடுக்கட்டும்."

"பக்கவாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல! சும்மா இருடா!" என்று கத்திவிட்டார் செட்டுக்காரர்.

மைத்துனன் திகைத்தான். அவர் அவனை 'டா' போட்டு வருடக்கணக்காயிற்று. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... பக்கவாதம்னா 'ப', 'ம' எல்லாம் குழறும். இவருக்கு 'ச' மட்டும்தானே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"'ச' மட்டுமா?" மைத்துனன் யோசனையோடு ஸ்பீக்கரைப் பார்த்தான். நல்ல வேளையாக அக்கா குறுக்கே வந்தாள். "அவர்தான் நாளெல்லாம் பல்லோட மாரடிக்கிறாரே, அவருக்குத் தெரியாதா? ரெண்டு நாள் பொறு. ஆராயாம எதையும் எழுதாதே."

இரண்டு நாள் தவணை கிடைத்தது. மறுநாள் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே செட்டுக்காரர் டாக்டர் முன்னால் போய் நின்றார். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் போனார். தகட்டைத் தடிமனாக வைத்ததைச் சொன்னார். போனில் அந்த 'சாலை' வரியைப் போட்டுக் காட்டினார்.

டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். "ஆமா, காத்து நடுவுல சீறுது. நானும் அன்னைக்கு அவரை இன்னும் கொஞ்சம் பேச வெச்சிருக்கணும், அவசரப்பட்டார்னு விட்டுட்டேன்." திட்டவில்லை. அங்கேயே போனை எடுத்துப் பாடகருக்குப் பேசினார்.

பாடகர் அன்று மதியமே வந்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த செட்டை மேஜைமேல் வைத்தார். செட் இல்லாத முகம் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தது.

"போட்டா மேல பலகை அடிச்ச மாதிரி இருக்கு. கழட்டினா வார்த்தை எல்லாம் காத்தாப் போகுது" என்றார். "பாதிப் பாட்டு போட்டுக்கிட்டுப் பாடினேன், பாதி கழட்டி வெச்சிட்டுப் பாடினேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் செட்டுக்காரர்.

"யார்கிட்ட சொல்றது? ஸ்டூடியோவுல பல்லைக் கழட்டணும்னு எல்லாரையும் வெளியில போகச் சொல்லிட்டுப் பாடினவன் நான். வெக்கமா இருந்தது தம்பி."

செட்டுக்காரர் செட்டின் தகட்டைக் காட்டினார். "தப்பு என்னோடதுங்கய்யா. மேடையில உடைஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் கனமா வெச்சிட்டேன்."

பாடகர் செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவர் பக்கம் நகர்த்தினார். "சரி. இப்ப என்ன பண்ணலாம், அதைப் பாருங்க."

செட்டுக்காரர் முன்பற்களுக்குப் பின்னால் இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். ஒவ்வொரு முறையும் பாடகர் போட்டுக்கொண்டு அந்த வரியை மெல்லப் பாடுவார், இவர் கேட்பார், கழற்றுவார், மறுபடி தேய்ப்பார். அளவு மீறினால் ஓட்டை விழும், குறைந்தால் விசில் போகாது. தேய்க்கும் மோட்டாரைப் பிடித்த கை அசையாமலிருக்க முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

நடுவில் ஒரு முறை செட்டுக்காரர் கேட்டார். "ரசிகர்கள் எழுதுறதெல்லாம் படிக்கிறீங்களாய்யா?"

"என் பொண்ணு படிச்சுச் சொல்லுவா. நல்லதா பாத்துப் படிப்பா. படிக்கும்போது அங்கங்க நிறுத்துவா பாருங்க, அந்த இடத்துல என்ன எழுதியிருக்கும்னு எனக்குப் புரிஞ்சிடும்." பிறகு, "நீங்க நம்ம பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்றார்.

"அதிலேயே வளந்தவன் ஐயா."

"அப்ப புதுசு எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

செட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். "உள்ளதைச் சொல்லணும்னா, நான் இன்னும் ஒரு பாட்டுகூடக் கேக்கல. எல்லாத்தையும் இருபது தடவை போட்டுட்டேன். ஆனா 'ச' வருதா 'ச' வருதான்னுதான் காதை வெச்சிருந்தேன்."

பாடகர் பல்லில்லாத வாயைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் போகும்போது 'சாலை' சாலையாகவே வந்தது.

கச்சேரி நாளில் மனைவி, மைத்துனன் இருவரோடும் போய் முன் வரிசை பிடித்தார். குழு ஆட்கள் எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. டிரம்ஸ்காரர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். பாடகர் மைக்கைப் பிடித்ததும் செட்டுக்காரர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சாலை வந்தது, சந்தை வந்தது, சொல்லாமல் சென்றவள் வந்தாள். எதிலும் விசில் இல்லை. மணிக்கட்டை அவள்தான் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்; நகம் பதிந்திருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. மேடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், லேசாகத் தலையாட்டினாள்.

பாடகர் நேராக நின்று பாடியதைக் கண்ணால் பார்த்த பிறகு பக்கவாதப் பேச்சு தானாக அடங்கிற்று. அதனால் ரசிகர்கள் ஒன்றுசேர்ந்தார்களா என்றால், இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "குரல் மணி மாதிரி இருக்கு மாமா. நான் வீணா பயந்துட்டேன். ஆனா ஒண்ணு, பாட்டுதான் சரியில்ல. மெட்டுல உயிரே இல்ல."

முன் சீட்டிலிருந்த ஒரு பெண் வெடுக்கென்று திரும்பினாள். "உங்களுக்குப் பழசையே திருப்பித் திருப்பிப் போடணும். அப்ப பழசையே கேளுங்க, யார் வேணாம்னா?" இருவரும் இறங்குகிற வரை விடவில்லை.

இத்தனை நாள் இவர்கள் சண்டை போட்டது பாட்டுக்காக. தான் மட்டும்தான் பல்லுக்காகப் பயந்துகொண்டிருந்தோம் என்று செட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். நான்காவது பாட்டு மனதைப் பிசைந்தது. கடைசிப் பாட்டை இரண்டு முறை கேட்டார். நடுவில் மூன்று பாட்டு அவருக்கும் பிடிக்கவில்லை. மைத்துனன் சொன்னது சரிதான் என்று தோன்றியது. அவனிடம் அதை ஒப்புக்கொள்ளாமல், நான்காவது பாட்டுக்காக மட்டும் ஒரு மாதம் மல்லுக்கு நின்றார்.

ஆறு மாதம் கழித்துப் பாடகரின் கீழ்ப்பற்களும் ஆட்டம் கண்டு, அவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. இந்த முறை மெழுகு செட்டை வைத்துப் பார்க்கும் நாளில் டாக்டர் அவரைச் செட்டுக்காரரின் அறைக்கே கூட்டிவந்து, "முழுப் பாட்டும் பாடிட்டுத்தான் போகணும்" என்றார். பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வெளியே பெஞ்சில் நோயாளிகள் இருந்தார்கள். செட்டுக்காரர் பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்படியும் கேட்குமே என்று மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஓடினால் இவருக்கே 'ச' கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்று, காதைக் கூர்மையாக்கினார்.