குடம் தூக்கி நிறைவேற்றிய தீர்மானம்

குருசுக்குப்பத்தை ஒட்டியிருக்கும் நெய்தல் குடியிருப்பில் வீடு வாங்கி வந்தபோது ஆதிலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. நாலு மாடி, இருபத்துநாலு வீடு. அவள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். முதலியார்பேட்டையில் ஒரே அறை வாடகை வீட்டில் ஐந்து பேராக வளர்ந்தவளுக்கு லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. கணவர் எழிலரசனுக்கு வேன் ஓட்டும் தொழில். விளம்பரத்தில் ‘கடலோர வீடு’ என்று போட்டிருந்ததைப் பார்த்து இருவரும் மயங்கிவிட்டார்கள்.

கடலோரம்தான், பொய்யில்லை. ஆனால் அவர்களுடைய தரைத்தள வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது ஏழடி மதில். அலைச் சத்தம் கேட்கும். உப்புக்காற்று உள்ளே வந்து ஃபேனிலிருந்து பாத்ரூம் தாழ்ப்பாள் வரை துருப்பிடிக்க வைக்கும். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் முன்வாசலில் இறங்கி மூன்று தெரு சுற்ற வேண்டும். மதிலில் பழைய இரும்புக் கதவு ஒன்று இருந்தது. ஏதோ ஒரு புயலுக்குப் பிறகு அது இறுகிப்போய், சாவியும் தொலைந்து, அதன் மேல் துணி காயப்போட ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனதே ஒரு கூத்து. வந்த முதல் வருஷம், ஆறே பேர் வந்திருந்த கூட்டத்தில் எழுந்து, “ரெண்டாவது மாடி படிக்கட்டுல லைட் எரியல” என்றாள். பழைய செயலாளர் சட்டென்று கை தட்டினார். மற்ற நாலு பேரும் தட்டினார்கள். தட்டி முடித்தபோது சாவிக்கொத்து அவள் கையில் இருந்தது.

அவளுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு ‘நெய்தல் செய்தி’ என்று ஒரு தாள் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, எல்லா வீட்டுக் கதவின் அடியிலும் செருகிவிடுவாள். ‘மொட்டைமாடி டேங்க் கழுவியாச்சு. உள்ளே கிடைத்தவை: கிரிக்கெட் பந்து மூன்று, கரண்டி ஒன்று. கரண்டிக்காரர் வந்து வாங்கிக்கொள்ளவும்.’ ‘மூன்றாவது மாடியில் உலர்த்திய கருவாடு காற்றில் பறந்து, சைவம் சாப்பிடும் வீட்டுப் பால்கனியில் விழுந்தது. இரு தரப்பும் சமாதானம்.’ வீட்டுக்கு வீடு படித்தார்கள், சிரித்தார்கள். கூட்டத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை.

அந்தப் பின்கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. தலைவர் முருகையன் ஓய்வுபெற்ற சர்வேயர். எதையும் அளந்துதான் பேசுவார். “நான் வேணாம்னு சொல்லலம்மா. மதில்ல கைவைக்கணும்னா பொதுக்குழு தீர்மானம் வேணும். பதினாறு வீடு வரணும். சங்க பைலாவுல விதி அப்படித்தான் இருக்கு” என்றுவிட்டார். மூன்று வருஷம் முயன்றாள். வாட்ஸ்அப்பில் கெஞ்சினாள். ஒருமுறை கேசரி கிண்டி வைத்தாள். அன்றைக்குத்தான் அதிகபட்சமாக ஒன்பது வீடு வந்தது.

போன ஜனவரியில் மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று, முறைப்படி பத்து நாளுக்கும் முன்னாலேயே ‘நெய்தல் செய்தி’யில் போட்டாள். அன்று காலை எட்டு மணிக்கு மோட்டார் நின்றுபோனது. டேங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒன்பதரைக்கெல்லாம் குடம், பக்கெட், குக்கர் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பே கீழே இறங்கிவிட்டது. தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்து, கயிறு கட்டிய வாளியால் இறைக்க ஆரம்பித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் வெற்றிவேல் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தான். மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஆதிலட்சுமியிடம் மெல்லச் சொன்னான்.

“பயப்படாதீங்கக்கா. கண்டன்சர்தான் போயிருக்கு. பையிலயே வச்சிருக்கேன். பத்து நிமிஷ வேலை.”

ஆதிலட்சுமி திரும்பி வரிசையைப் பார்த்தாள். மனசுக்குள் வீடு வீடாக எண்ணினாள். பத்தொன்பது. தலைவர் முருகையனே கைலியை மடித்துக் கட்டி, பச்சை பக்கெட்டோடு ஏழாவது ஆளாக நின்றார்.

“வெற்றி, கொஞ்சம் மெதுவா மாத்துறியா?”

“எவ்ளோ மெதுவாக்கா?”

“ஒரு தீர்மானம் நிறைவேறுற அளவுக்கு.”

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு மோட்டார் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

ஆதிலட்சுமி ஓடிப்போய் மினிட்ஸ் நோட்டை எடுத்து வந்தாள். “மணி பத்து. பொதுக்குழு ஆரம்பிக்குது” என்று உரக்கச் சொன்னாள்.

“இங்கயா?” என்றார் முருகையன்.

“எங்க கூடணும்னு பைலாவுல இருக்கா சார்?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். பைலா முழுக்க அவருக்கு மனப்பாடம். “இடம் எதுன்னு போடல” என்று ஒத்துக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். தலைவர் உட்கார்ந்ததும் கூட்டத்துக்கு ஒரு களை வந்துவிட்டது.

திருட்டுப் பயம் என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னார். உள்பக்கம் தாழ்ப்பாள், ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டு என்று முடிவானது. புதிதாகப் போட்டாலும் துருப்பிடிக்குமே என்றார் இன்னொருவர். அதற்கு மூன்றாவது மாடி செல்வாம்பாள்தான் வழி சொன்னாள். கருவாட்டுக்காரி அவள்தான்.

“ஏன், படகு துருப்பிடிக்குதா? குப்பத்துல அருள்முருகன்னு ஒருத்தன் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுறான். கதவும் அதுலயே செய்யச் சொன்னா போவுது!”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றாள் ஆதிலட்சுமி. யாருக்கும் கை காலியாக இல்லை.

“குடத்தத் தூக்கினா செல்லுமா?” என்று கேட்டாள் செல்வாம்பாள்.

“செல்லும்” என்றார் தலைவர். பதினேழு பாத்திரங்கள் மேலே போயின. ஒன்றிலிருந்து தண்ணீர் அவர் தலையிலேயே கொட்டியது. அவர் துடைத்துக்கொண்டே, “பதினேழு. நிறைவேறியது” என்றார். ஐந்து நிமிஷத்தில் மோட்டார் ஓடியது.

அருள்முருகன் மூன்று வாரத்தில் கதவைக் கொண்டுவந்து மாட்டினான். படகுக்கு அடிக்கிற அதே நீலம், ஓரத்தில் மஞ்சள் பட்டை. முதல் நாள் சாயங்காலம் அதைத் தள்ளித் திறந்தபோது வெளியே கருங்கல் தடுப்பு, கற்களுக்கு நடுவே கொஞ்சம் மணல், அதற்கப்பால் கடல். தன் வீட்டு வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தாள் ஆதிலட்சுமி, முப்பத்தோரு எட்டு. எழிலரசன் பக்கத்தில் நின்று, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த ‘நெய்தல் செய்தி’யில் கடைசிப் பத்தியாக எழுதிவிட்டாள்: ‘அன்று பத்து நிமிஷத்தில் வந்திருக்க வேண்டிய தண்ணீர் நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. காரணம் நான். வெற்றிவேல் மேல் தப்பில்லை. மன்னிக்கவும்.’

மறுநாள் காலை முருகையன் தாளோடு வாசலில் நின்றார். முகம் இறுக்கமாக இருந்தது.

“இது சின்ன விஷயமில்ல. பொதுக்குழுவுல வைக்கணும். மன்னிக்கிறதா இருந்தாலும் அதுக்கு ஒரு தீர்மானம் வேணும். பதினாறு வீடு வரணும்.”

“வரலன்னா சார்?”

“மன்னிக்க முடியாது. பைலா அப்படி.”

ஆதிலட்சுமி அந்த இரண்டு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது ஞாயிறு மாலை பின்கதவுக்கு வெளியே கூட்டம். ஐந்து மணிக்கு அவள் நோட்டோடு போனபோது, கருங்கற்கள் மேல் இடமில்லாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்துமூன்று வீடு. செயலாளர் திட்டு வாங்குவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பூட்டிக் கிடந்த இருபத்துநாலாவது வீட்டுக்காரர்கூட துபாயிலிருந்து வீடியோ காலில் வந்திருந்தார்.

முருகையன் எழுந்து தொண்டையைச் செருமினார். “செயலாளர் முப்பது நிமிஷம் தண்ணிய நிறுத்தினது தப்பு. அவங்கள மன்னிக்கிறோமா?”

“மன்னிச்சோம்!” என்று கடலைத் தாண்டிக் கேட்டது சத்தம். துபாய்க்காரர் மட்டும் சிக்னல் விட்டுப்போய், ஒரு நிமிஷம் கழித்துத் தனியாக “மன்னிச்சோம்” என்றார்.

அப்போதுதான் ஆதிலட்சுமிக்கு உறைத்தது. இருபத்துநாலு வீடு! இப்படி ஒரு கூட்டம் இனி எப்போது கிடைக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். “அப்படியே உட்காருங்க. மொட்டைமாடி ஒழுகுது. அடுத்தது அது.”

“அடிப்பாவி!” என்று செல்வாம்பாள் சிரித்தாள். எழுந்திருக்கப் போனவர்களை முருகையனே கையமர்த்தி உட்கார வைத்தார். மொட்டைமாடி முடிந்து, படிக்கட்டுக் கைப்பிடி முடிந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பற்றிச் சண்டை சூடுபிடித்தபோது, கல்லில் மோதித் தெறித்த அலை ஒன்று முன்வரிசையை நனைத்தது. யாரும் எழுந்து போகவில்லை.