பெரியம்மா தேய்த்த தவா

அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு நாற்காலி வாங்க மூன்று விலைப்புள்ளி, ஓர் ஒப்பீட்டுப் பட்டியல், வரிசையாகக் கையெழுத்துகள். அத்தனையும் முடிந்து வந்து சேரும் நாற்காலி ஆடும். குறையில்லாத கொள்முதல் ஒன்றை நான் பார்த்தது சிறு வயதில், பொன்னேரிக் கடையொன்றில், சித்தப்பா செய்தபோது.

பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே எங்கள் குப்பம். சித்தப்பா நண்டு பிடிப்பவர். அவர் கட்டிக்கொண்டு வந்த சித்தியோ வயல்காட்டுப் பெண். மடவை மீனைக் கல்லில் போட்டதும், பெரியம்மா பின்னால் நிற்கிறாளே என்ற பதற்றத்தில் கிளறிக்கொண்டே இருப்பாள். மீன் தன் தோலைக் கல்லுக்கும் சதையைக் கரண்டிக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

"வறுக்கச் சொன்னா புட்டு பண்ணி வெச்சிருக்கியேம்மா," என்பாள் பெரியம்மா. வீடே சிரிக்கும். ஒரு நாள் சித்தி தன் துணிகளைப் பையில் திணித்து ஆணியில் மாட்டினாள்.

"இன்னொரு வாட்டி சிரிச்சாங்கன்னா எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்." சித்தப்பாவிடம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

மறுநாள் சித்தப்பா சித்தியையும் என்னையும் பொன்னேரிக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் மூன்று நான்ஸ்டிக் தவாக்களை எடுத்து வைத்தார். சித்தப்பா ஒவ்வொன்றையும் நண்டைப் போல உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். சதை இல்லாத நண்டு கைக்குத் தெரிந்துவிடும். பிறகு கண்ணாடி மேசையில் வைத்து விளிம்பை அழுத்தினார். மலிவானது ஆடியது. விலை கூடியதற்குக் கண்ணாடி மூடியும் அடியில் ரோஜாப்பூவும் இருந்தன.

"இன்னாபா, பூவையா வறுக்கப் போறோம்?"

அடி கனத்து, பிடி இறுகியிருந்த நடு விலைத் தவாவைக் கட்டச் சொன்னார்.

"இரும்புக் கரண்டி போடாதம்மா. தீயைக் கம்மியா வெச்சுப் பொறுமையா வறு," என்றார் கடைக்காரர் சித்தியிடம்.

படகில் திரும்பும்போது காற்று விழுந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் வானம் அப்படியே கிடந்தது. நாங்கள் போகிறோமா, கரை வருகிறதா என்று தெரியவில்லை. எல்லாமே தெரிந்த அந்த நீரின் நடுவில், சித்தியின் மடியில் இருந்த தவாவில் மட்டும் எதுவும் தெரியவில்லை. மேகம்கூட இதில் ஒட்டாது போலும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

மரக்கரண்டியும் சிறுதீயுமாகச் சித்தி காத்திருக்கப் பழகினாள். மீன் முழுசாக வந்தது. சிரிப்பு நின்றது. பை மட்டும் ஆணியிலேயே இருந்தது.

சில வாரம் கழித்து, சித்தி தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், பெரியம்மா ஏரி மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தவாவைத் தேய்த்தாள். எங்கள் வீட்டில் கருப்பு என்றால் கரி.

"எம்மாங் கரி! இப்பத்தான் பாத்திரமாட்டம் இருக்குது," என்று, திரும்பி வந்த சித்தியிடம் தூக்கிக் காட்டினாள். நான் சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தேன்.

அன்று மதியம், கருப்புப் பூச்சு போய் வெளுத்த தவா அடுப்பில் ஏறியது. சித்தி அதை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி, மீனைப் போட்டாள். பிறகு கரண்டியைத் தொடவே இல்லை. பெரியம்மா பின்னால்தான் நின்றாள். சித்தி வாசல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனின் ஓரம் சிவந்ததும் ஒரே திருப்பு. முழு மீன்.

"நல்ல தவாதான். ஒட்டவே மாட்டேங்குது," என்றாள் பெரியம்மா.

"ஆமாக்கா. உங்க கொழுந்தனார் பாத்து வாங்கினதாச்சே."

சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மாலையில் சித்தி பையைக் காலி செய்து, அதில் வெங்காயம் போட்டு வைத்தாள். அதையும் அந்தத் தவாவின் குணங்களில் ஒன்றாகவே நான் எண்ணிக்கொண்டேன்.