பின்னந்தலைக்குப் பிடித்த கண்ணாடி

ஆவணி கடைசி வாரத்துப் புதன்கிழமை அது. செவ்வாய்க்கிழமை அரியலூரில் சலூன்கள் திறக்காது. வெள்ளி, சனியில் முடி வெட்ட அம்மா விடமாட்டார். திங்களும் வியாழனும் தம்பிக்குப் பகல் ஷிப்ட். ஞாயிறு குன்னத்துக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் புரட்டாசி பிறந்துவிடும், பேச்சு ஒரு மாதம் தள்ளிப்போகும். இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது அந்தப் புதன் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் நாள் சொல்லும் வேலை என்னுடையது. நல்ல நேரம் பார்ப்பதைச் சொல்லவில்லை. ஒரு விஷயம் எந்த மாதம், எந்தக் கிழமை நடந்தது என்று தெரியாவிட்டால் அது பாதிதான் நடந்தது போல எனக்கு இருக்கும்.

தம்பிக்கு ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. அவனுடைய முதல் கல்யாணம் கோர்ட்டில் முடிந்துபோனது. இருவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சொந்தக்காரர்கள் வேறு காரணம் வைத்திருந்தார்கள். அவனுக்கு உச்சியில் இரட்டைச் சுழி. இரண்டு சுழி இருந்தால் இரண்டு தாரம் என்பது எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளையின் தலையைத் தடவும்போதே சொல்லிவிடுகிற பேச்சு. விவாகரத்து ஆன மாதம் ஒரு மாமா வீட்டுக்கே வந்து, அட்சதை போடும்போதே சுழியைப் பார்த்ததாகவும் அன்றைக்கே மனதில் பட்டதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தம்பி எந்த விசேஷத்துக்குப் போனாலும் சுவரில் முதுகு சாய்கிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவான். பஸ்ஸில் கடைசி சீட்டு.

குன்னத்துப் பெண்ணுக்கும் இது இரண்டாவது. முதல் கணவர் இறந்துவிட்டார். பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தம்பியின் முதல் கல்யாணம் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். சுழி மட்டும் தெரியாது. ஒரு தடவை உடைந்ததை மன்னித்தவர்கள்கூட, இந்தச் சுழியைப் பார்த்தால் வேண்டாம் என்றுவிடுவார்கள் என்று அவன் பயந்தான். போட்டோவில் பார்த்த அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் போன சலூன் கடைத்தெருவில் ஒரு மாடிக்குக் கீழே இருக்கிறது. முடிதிருத்துபவர் கோயம்புத்தூரில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். அதை யார் வந்தாலும் முதலில் சொல்லிவிடுவார். தம்பி நாற்காலியில் உட்கார்ந்ததும், நாம் எல்லோரும் சொல்வதையே சொன்னான்.

"சின்னதா, பார்த்து வெட்டுங்க."

"பார்த்துத்தான் தம்பி வெட்டுவேன். கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டுற வித்தை இன்னும் பழகல."

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், சலூனில் நாம் பேசுகிற பாஷையே அந்த ஒரு சொல்தான். காது மடலில் பட்டுவிடாதே, நெற்றி ஏறியிருப்பதைக் காட்டிவிடாதே, கிருதாவைத் தூக்கிவிடாதே, போன தடவை மாதிரி பண்ணிவிடாதே என எல்லாவற்றையும் 'பார்த்து' என்பதில் போட்டு அடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். அவரும் தலையாட்டுகிறார்.

இவர் தலையாட்டவில்லை. வாருவது எந்தப் பக்கம், குளித்துவிட்டுத் துவட்டியதும் வாருவதா காய்ந்த பிறகா, எண்ணெய் உண்டா, வேலையில் ஹெல்மெட் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தம்பி 'ம்' என்றான். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, இவரு வாயத் தொறக்க ஏதாச்சும் சாவி இருக்கா?" என்றார்.

நான் சுழியையும் ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். கண்ணாடியில் தம்பியின் கண்கள் தாழ்ந்தன.

அவர் தலையை நன்றாக நனைத்தார். முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் வாரிப் பார்த்தார். பிறகு சீப்பைக் கீழே வைத்துவிட்டு டீ சொன்னார். வெட்டவில்லையா என்று கேட்டேன்.

"ஈரத்துல முடி பொய் சொல்லும்ணே. காயட்டும்."

டீ வந்தது. யாரும் தொடாத அந்தத் தலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் காற்றில் ஈரம் உலர உலர, வாரி வைத்த முடி ஒவ்வொன்றாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. ஒரு சுழி வலமாகத் திரும்பியது, பக்கத்தில் இருந்தது இடமாகத் திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாத ஒரு கொத்து நிமிர்ந்து நின்றது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து ஒரு தடவை தம்பி கொண்டுவந்து கொடுத்த கல் என் புத்தக அலமாரியில் இருக்கிறது. இந்த மண் கடலாக இருந்த காலத்துப் பிராணி, சுருண்டபடியே கல்லானது. அதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அதே சுருள் கூடப் பிறந்தவன் தலையில் உயிரோடு திரும்புவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீ ஆறிப்போனது.

முடிதிருத்துபவர் விரலால் நிமிர்ந்த கொத்தைத் தொட்டுக் காட்டினார். சின்னதாக வெட்டினால் இது குத்திட்டு நிற்கும், மெஷின் போட்டால் இரண்டு சுழியும் கோலம் போட்ட மாதிரி தெரியும், மறைக்க வேண்டுமானால் மேல்முடியை நீளமாக விட்டு அதன் கனத்தால் படிய வைக்க வேண்டும் என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் பொறுப்பு. திங்கக்கிழமை ஹெல்மெட்ட மாட்டிக் கழட்டுனீங்கன்னா ரெண்டும் தனித்தனியா எந்திரிச்சு உக்காந்துக்கும். அப்புறம் அந்தப் புள்ளகிட்ட நீங்கதான் சொல்லிக்கணும்."

அவர் ஒரு கைக்கண்ணாடியை எடுத்து அவன் பின்னால் பிடித்தார். வெட்டி முடித்த பிறகு காட்டும்போது நாம் பார்க்காமலே சரி என்று சொல்கிற அந்தக் கண்ணாடியை, வெட்டத் தொடங்குவதற்கு முன்பே பிடித்தார்.

அவன் முன்கண்ணாடிக்குள் இருந்த பின்கண்ணாடியைப் பார்த்தான். தலையை மெல்லச் சாய்த்தான், மறுபக்கம் சாய்த்தான். ஊரே பார்த்துப் பேசிய ஒன்றை அவன் அதுவரை பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டு என்று அவன் யாரையும் கேட்டதில்லை. எங்களுக்கும் தோன்றியதில்லை.

"இதுதானா?" என்றான்.

அப்புறம் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் கை மாற்றிப் பிடித்தாரே தவிர, கண்ணாடியை இறக்கவில்லை.

"மறைக்க வேணாம். அது போற பக்கமே போற மாதிரி வெட்டுங்க."

"இது பேச்சு. இத மொதல்லயே சொல்லிருந்தா டீ மிச்சம்."

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. வலச் சுழிக்கு அவர் நாற்காலியின் ஒரு பக்கம் நின்றார், இடச் சுழிக்கு மறுபக்கம் போனார். முடி எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்கமே சீப்பும் போனது. நடுக்கொத்துக்கு வந்தபோது கத்தரியைக் குறுக்கே வைக்காமல் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து, நுனியால் கொத்திக் கொத்திக் கனத்தை மட்டும் எடுத்தார். நீளம் குறையவில்லை. ஆனால் நின்றுகொண்டிருந்த கொத்து பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரிந்து படுத்தது. இரண்டு ஓடைகள் தனித்தனியாகச் சுழித்து வந்து கீழே ஒரே தண்ணீராகிற மாதிரி, கழுத்துக்கு மேலே இரண்டும் கலந்தன. சுழி நன்றாகவே தெரிந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது போலத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை குன்னத்தில் கூடத்தின் நடுவில் பாய் விரித்திருந்தார்கள். சுவரோரம் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி ஒரு கணம் தயங்கிவிட்டு நடுவிலேயே உட்கார்ந்தான். பெண்ணின் பெரியம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்தார். அவன் பின்னால் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ரெட்டைச் சுழிங்களா?"

தாழ்ந்த குரல்தான். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வதற்குள் தம்பி தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னான்.

"ஆமாங்க. ரெண்டு சுழி, ரெண்டு கல்யாணம். இதோட கணக்கு முடிஞ்சுடுதுங்க. மூணாவதுக்கு எடமில்ல."

சலூனில் கேட்ட கேள்விக்கெல்லாம் 'ம்' என்றவன். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது உள்கதவுக்குப் பக்கத்திலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"எனக்கு ஒரு சுழிதாங்க."

அது கேலியா, துக்கமா, பதிலா என்று பிரிக்க முடியவில்லை. ஒரே சுழியோடு பிறந்து இரண்டாவது முறை பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பவள் சொன்னது. தம்பி முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பெரியம்மா அவன் தட்டில் இன்னொரு பஜ்ஜி வைத்தார். வெளியே மக்காச்சோளக் காட்டிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டு எழுந்தபோது பெண்ணின் அப்பா, ஐப்பசியில் நாள் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்டு காலியாகத்தான் இருந்தது. தம்பி டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பின் சீட்டில். ஜன்னல் காற்று அவன் தலையைக் கலைத்துக்கொண்டே வந்தது. முடி கலைந்து கலைந்து, தான் போகிற பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அரியலூர் வரும்வரை நான் வேறு எதையும் பார்க்கவில்லை.