மழையை ஒளித்து வைத்தது

தன் மகளை என் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று வீடு பார்த்துப்போக ஊரிலிருந்து மாமா வருகிறார் என்று செய்தி வந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆனி மாதத்து மழை பிடித்திருந்தது. இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் அந்த மழை பிடித்தால், விடுவது அதன் இஷ்டம். மாமா என்றால் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்தியாவில் துறையூருக்கு அப்பால் ஏதோ காய்ந்த ஊர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்ட வீட்டில் நான் மூத்தவன் என்பதால் அவரோடு பேச வேண்டியவனும் நான்தான். எனக்கோ யாரோடும் பேச வராது. மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கையாவை எதிரே கண்டால் தேயிலைக்குள் இறங்கி நின்று, அவர் போனபிறகு பாதைக்கு ஏறுகிற ஆள் நான்.

தம்பியோ பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தலைக்கு இரண்டு வேளை எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தான். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதற்குள் மாமா வாயால் சரி என்று வரவேண்டும்.

"வெயில் அடிக்கிற மாசத்துல வரச் சொல்லியிருக்கலாம்லண்ணே," என்றான்.

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் கூரைத் தகரம் ஒழுகும். தகரம் மாற்றித் தரும்படி கண்டாக்கையாவிடம் கேட்க என்னைத்தான் தள்ளிவிட்டார்கள். போய் நின்றேன்.

"என்ன?" என்றார்.

"மழைங்க," என்றேன்.

"தெரியுது," என்றார்.

திரும்பி வந்துவிட்டேன்.

என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்து, சொட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க அதற்குள் பழைய துணியைப் போட்டு, முன்னால் டிரங்குப் பெட்டியை நிறுத்தினாள். "மாமா கேட்டா சாமி சாமான்னு சொல்லுங்க," என்றாள்.

மாமா, கடல் தாண்டுகிறவர்களை நிறுத்திவைக்கும் மண்டபம் கேம்பில் ஊசி போட்டுக்கொண்டு, கப்பலேறி, ரயில் மாறி மாறித் தலவாக்கலையில் வந்து இறங்கினார். நான் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன். அவர் தலையை வெளியே நீட்டி நீட்டி நனைந்தார். குடை பிடிக்கத் தெரியாதவன் வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்று குடையோடு அவர் பின்னாலேயே ஓடினேன்.

"இந்த மழை இப்பத்தான் மாமா வந்துச்சு. நாளைக்கு விட்டுரும்," என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

வந்ததும் வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மழையையே பார்த்தார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் மழையைப் பார்த்தார். வீட்டுக்குள் கண்ணை ஓட்டவே இல்லை.

"கோவமா இருக்காரு," என்று தம்பி அடுப்படியில் முணுமுணுத்தான். அன்றைக்கு மூன்றாவது தடவையாக எண்ணெய் வைத்தான்.

மறுநாள் வேலை முடிந்து தலையில் கம்பளியோடு திரும்பினோம். கூரை ஓரம் நெடுக எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் வரிசையாக நின்றன. சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, செம்பு, என் மனைவி சீராகக் கொண்டுவந்த குடம், கடைசியில் அந்தக் குண்டானும். அதிலிருந்த துணியை மாமா நன்றாகப் பிழிந்து ஆணியில் மாட்டியிருந்தார். ஒன்றில் வழிந்ததை மாமா செம்பால் மொண்டு இன்னொன்றில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வீடு ஒழுகுதுன்னு லயத்துக்கே காட்டுறாரு," என்று தம்பி கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"சோறு எதுல ஆக்குறது? போய் ஒரு பானையையாவது கேளுங்க," என்றாள் மனைவி.

போய் நின்றேன்.

"என்ன தம்பி?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்லீங்க மாமா."

அன்று பக்கத்துக் காம்பரா அக்காவிடம் பானை இரவல் வாங்கிச் சோறு ஆக்கினோம்.

அதற்கடுத்த நாள் ஞாயிறு. காலையில் பீலிக்கரையில் ஒரே கூச்சல். எங்கள் லயத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் அந்தப் பீலிதான். மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக ராப்பகலாக விழுந்துகொண்டே இருக்கும். அது சும்மா ஓடுவதைப் பொறுக்காத மாமா, தன் துண்டைச் சுருட்டிக் குழாயின் வாயில் அடைத்துவிட்டார். தண்ணீர் மேலே கரையை அறுத்துக்கொண்டு நேராக அக்காவின் கோழிக்கூட்டில் இறங்கியிருந்தது.

அக்கா இரண்டு கக்கத்திலும் கோழியை இடுக்கிக்கொண்டு நின்றாள். "ஏங்கய்யா, பீலிய அடைச்சாச்சு. அப்படியே இன்னொரு துண்டு இருந்தா வானத்தையும் அடைச்சிருங்க. கொழுந்தெடுக்கப் போற நாங்க ஒங்களக் கும்புடுவோம்."

பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. தம்பியின் கல்யாணம் கோழிக்கூட்டோடு போயிற்று என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்கு நடுவில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, இந்த மழை நாளைக்கு விடாதுங்க. வருஷா வருஷம் இப்படித்தான். மாசக்கணக்குல பெய்யும். வீடும் ஒழுகும்."

மாமா என்னையே பார்த்தார். "வருஷா வருஷமா?"

"ஆமாங்க."

"நாளைக்கு விட்டுரும்னியேப்பா. அத நம்பித்தான், விடுறதுக்குள்ள கிடைக்கிறதப் புடிச்சு வைப்போம்னு ஒத்தையாக் கெடந்து பாடுபட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எம்பொண்ணு விடியறதுக்கு முன்னாடியே போயி கெணத்தடியில சண்டை போட்டு ஒரு குடம் கொண்டாருது. இங்க வீட்டுக்குள்ளயே வந்து ஊத்துதே."

துண்டை உருவினார். குழாய்த் தண்ணீர் அவர் முகத்திலேயே அடித்தது. துடைக்காமலே, "ஆடிக்கு முந்தி தாம்பூலம் மாத்திக்குவோம்," என்றார். தம்பி ஓடிப்போய் அக்காவின் கோழிகளைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்து கல்யாணமாகி அந்தப் பெண் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது அடுத்த மழைக்காலத்தில். இஸ்தோப்பில் நின்று நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். மலையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"இது எப்பக்கா விடும்?" என்று என் மனைவியிடம் கேட்டாள்.

என் மனைவி குண்டானையும் பழைய துணியையும் எடுக்க உள்ளே போனாள். நான் தேயிலைப் பக்கம் பார்த்தேன்.

தம்பி அவசரமாக முன்னால் வந்தான். "நாளைக்கு விட்டுரும்," என்றான்.