கம்பெனிக்குள் கேட்ட மகளின் குரல்

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. அருள்புரத்தில் நான் சூப்பர்வைசராக இருக்கும் பனியன் கம்பெனியில் டீ டைம் விட்டிருந்தார்கள். தையல் மெஷின்கள் நின்ற அமைதியில், செக்கிங் டேபிள் பக்கம் கூடியிருந்த பெண்களுக்கு நடுவே என் மகளின் குரல் கேட்டது.

அவள் நல்லூரில் வீட்டில் இருக்க வேண்டிய நேரம். கிட்டே போனேன். ஒரு பெண்ணின் செல்போனில் ஓடிய வீடியோவில் என் மகள் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் எங்கள் சமையலறை ஜன்னல் தெரிந்தது.

"எனக்குச் சின்ன வயசுல இருந்து ஃபிட்ஸ் வரும். ஊட்டுல வெளிய சொல்லக்கூடாதும்பாங்க. இன்னைக்குச் சொல்றேன்."

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் போனைக் கவிழ்த்தாள். ஆயுத பூஜைக்கு மகளை அழைத்துப் போயிருக்கிறேன், அங்கே எல்லோருக்கும் அவளைத் தெரியும். "டீ ஆறுதுங்க சார்" என்றார்கள் யாரோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் வீடு எங்களுடையது. விருந்தாளி யாராவது பார்த்துவிட்டால் சத்து மாத்திரை என்போம். மாத்திரையை விடாமல் போட்டு, டாக்டரைக் கேட்டு நடந்தால் கல்யாணமும் குழந்தையும் மற்றவர்களைப் போலத்தான் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதை வெளியே சொல்லத்தான் எங்களுக்கு வாய் வரவில்லை.

பர்மிஷன் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தும்போதே மனைவியின் அண்ணன் போனில் கூப்பிட்டார். "மாப்ள, அவங்க ஞாயித்துக்கெழம வரலைங்கறாங்க. புள்ளைக்கு வேற போக்கில்லையா, போன்லதான் போய்ப் பேசோணுமா?"

உள்ளே மனைவி அழுதுகொண்டிருந்தாள். மகள் அழவில்லை. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். ஊருக்கெல்லாம் எதற்குச் சொன்னாய் என்று கேட்டேன்.

"தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா பாதியிலயே மூஞ்சி மாறிப் போகுதுப்பா. அம்மாவே அக்கம்பக்கம் பார்த்துட்டுத்தான் மாத்திரை தர்றாங்க. போனுக்கு மூஞ்சி இல்ல. முழுசாச் சொல்லி முடிக்கலாம்."

"அதைப் பார்க்கறவனுக்கு மூஞ்சி இருக்குதல்ல?"

"இருக்குதுப்பா. அதுல ஆராச்சும் ஒருத்தர் என்னையாட்ட இருப்பாங்க. நான் மட்டுந்தான் இப்படின்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

அழித்துவிடு என்றேன். "நீங்களே பார்த்துட்டு அழிச்சுக்கங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அழிப்பதற்காகத்தான் திறந்தேன். முழுவதையும் பார்த்தேன். கீழே விழுந்து இழுப்பது மட்டும் வலிப்பு இல்லை என்கிறாள். பேசிக்கொண்டே இருப்பாளாம், அப்படியே நின்றுபோகுமாம். "கண்ணு தொறந்திருக்கும், நான் அங்க இருக்கமாட்டேன். தூங்கறேன்னு கிளாஸுக்கு வெளிய நிக்க வெச்சாங்க. அதை ஊட்டுல சொன்னதில்ல." வீட்டிலேயே அவள் அப்படி நின்றுபோனதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். பள்ளிக்கூடத்தில் நடந்ததை, முகம் தெரியாத அத்தனை பேரோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டேன். வீடியோவுக்குக் கீழே கேலியாகவும் சிலர் எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே, ஒருவரையொருவர் அறியாத யார் யாரோ, 'எனக்கும்' என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். என் விரல் அழிக்கப் போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் ஒரு பைக் நின்றது. கம்பெனியில் நான் பார்க்கும் தையல் லைனில், ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண்ணும் அவள் கணவரும். தெற்கே இருந்து பிழைக்க வந்த குடும்பம். தைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் அசையாமல் இருந்துவிடுவாள், ஒருமுறை ஊசி விரலில் ஏறியிருக்கிறது. ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வரத்தான் செய்யும் என்று, "போய் மூஞ்சி கழுவிட்டு வாம்மா" என்று நானே அனுப்பியிருக்கிறேன்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், மெஷின்ல நான் தூங்கல சார்" என்றாள்.

வீட்டில் நான் காவல் காத்த அதே நோய் கம்பெனியில் என் கண்ணெதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"எங்கிட்டயே இன்னைக்கு மத்தியானந்தான் சார் சொன்னா" என்றார் கணவர். "வாயால சொல்லல. உங்க பாப்பா பேசுனதப் போட்டுக் காட்டிட்டு, தலையக் குனிஞ்சிக்கிட்டா. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

பேச்சுச் சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள்.

இன்று அந்தப் பெண் ஊசியில்லாத பேக்கிங் பிரிவில், மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாள். என் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. போன் அடித்தால் இப்போதும் தயங்கித்தான் எடுக்கிறேன். ஆனாலும், மனிதர்கள் தங்கள் வலியை ஏன் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வைக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், அன்று எங்கள் வாசலில் அந்தப் பெண் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதுதான் என் காதில் ஒலிக்கிறது: "லைன்ல கூட இருக்கவங்ககிட்டயும் சொல்லிரலாம்னு இருக்கேன் பாப்பா. மொத வார்த்தைய மட்டும் நீ எப்படிச் சொன்னன்னு சொல்லேன்."